கடல்வரை அடைக்கலம்

என் அப்பா தர்ஸ்டன் ஓர் ஆளைக் கொன்றவர். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது. உழவு நேரத்தில் ஓடோ கிரேக் என்பவன் எங்கள் வயலின் எல்லைக்கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டான். அப்பா கேட்கப் போனார். வாய்ச்சண்டை முற்றி ஓடோ அரிவாளை ஓங்கினான். அப்பாவின் கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே அடிதான். ஓடோ எழுந்திருக்கவில்லை.

நான் அப்போது பிறக்கவில்லை. இது நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம், ஆங்கிலேயர் நாட்டில், கென்ட் காட்டை ஒட்டிய ஹேசல்ஹர்ஸ்ட் என்ற ஊரில். அம்மா ஹாவிஸ் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னது இது. அப்பா இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

அப்பா வயலிலிருந்து நேராக ஊர்த் தேவாலயத்துக்குள் ஓடிப் பீடத்தின் காலைக் கட்டிக்கொண்டார். கோயிலுக்குள் புகுந்தவனை யாரும் தொடக் கூடாது. நாற்பது நாளைக்கு அரசரின் கைகூட அங்கே நீளாது. ஆனால் அவன் தப்பிப் போய்விட்டால் தண்டம் ஊர்முழுவதற்கும். அதனால் அப்பாவோடு ஏர் பிடித்தவர்களே தடியும் கவைக்கோலுமாக வந்து கோயிலைச் சுற்றி நின்றார்கள். வீட்டில் பட்டாணிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் செய்தி வந்தபோது, அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

ஓடோவுக்கு அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். ரனுல்ப், ஹாமோ. அவர்கள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அம்மாவுக்கு அதுதான் பயம். ஓடோவைப் புதைத்துவிட்டு வந்து, கோயிலின் கல்லறைத் தோட்ட வாசலில் ஒரு மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ரொட்டியும் வெங்காயமும் தின்றார்கள். வருவோர் போவோருக்கு வணக்கம் சொன்னார்கள். அம்மா சாப்பாடு கொண்டு போகும்போது ரனுல்ப் எழுந்து வழிவிடுவான்.

"கஞ்சியா தங்கச்சி? நல்லா சூடா குடு. உடம்பத் தேத்தட்டும். நடக்க வேண்டிய தூரம் நெறைய கெடக்கு."

அவள் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

"ஹாமோ, தங்கச்சிக்குக் கதவத் தொறந்து விடுறா. கை நிறைய வச்சிருக்கால்ல."

ஹாமோ திறந்து விடுவான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பிறகு பண்ணை மணியக்காரர் ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். கொலைகாரனின் பொருள் அரசருக்கு, நிலம் பிரபுவுக்கு. பசு, பன்றி, கலப்பை, போர்வை எல்லாம் வண்டியில் ஏறின. கடைசியாக ஒருவன் அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கினான்.

"அதையாவது விடுங்கய்யா. நான் எதுல சமைக்கிறது?" என்றாள் அம்மா.

"யாருக்குச் சமைக்கப் போற?" என்றார் மணியக்காரர். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அரசரின் விசாரணை அதிகாரி குதிரையில் வந்து சேர்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கல்லறைத் தோட்ட வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். கோணித்துணி உடுத்தி, வெறுந்தலையும் வெறுங்காலுமாக நின்று, சுவிசேஷத்தின்மேல் கை வைத்து அவர் தன் குற்றத்தைச் சொன்னார். இந்த ராஜ்ஜியத்தை விட்டு நீங்குகிறேன், அரசரின் அனுமதி இல்லாமல் இனி ஒருபோதும் திரும்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் கையில் ஒரு மரச்சிலுவையைக் கொடுத்தார்கள்.

"டோவர் துறையில கப்பல் ஏறணும்," என்றார் அதிகாரி. "அரசரின் சாலையை விட்டு இறங்கக் கூடாது. சிலுவை கையில இருந்து, கால் சாலையில இருக்கிற வரைக்கும் உன்னைத் திருச்சபை பாத்துக்கும். சாலையை விட்டு எறங்கினேன்னா நீ ஓநாய். எவன் வேணா தலைய எடுக்கலாம். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க."

ரனுல்ப் மெதுவாகச் செருமினான். "காட்டுச் சாலை ரொம்பக் குறுகல்ங்க. மழை வேற. கால் வழுக்கும்."

காட்டுக்குள் ஒரு பிணம் கிடந்தால், 'சாலையை விட்டு ஓடினான், வெட்டினோம்' என்று இரண்டு பேர் சொல்வார்கள். சுற்றியுள்ள நான்கு ஊர்க்காரர்களும் ஆமாம் என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எல்லாருக்கும் அது தெரியும்.

பங்குச் சாமியார் உல்மர் கிழவர், பயந்தவர். ஆனாலும் அம்மாவைச் சுவரோரமாகக் கூப்பிட்டார்.

"ஹாவிஸ், பொம்பளைங்க பேச்ச நீதிமன்றத்துல எடுக்க மாட்டாங்க. ஒண்ணுக்கு மட்டும் எடுப்பாங்க. அவ கட்டிப் புடிச்சிருக்கும்போதே புருஷன் வெட்டுப்பட்டுச் செத்தான்னா, வெட்டினவனை அவ பேர் சொல்லிக் காட்டலாம். தூக்குல போட்டுருவாங்க."

அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப நான் அவரு கைய விடக் கூடாதுங்கிறீங்களா சாமி?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சட்டத்தச் சொன்னேன்." அவர் வேகமாகக் கோயிலுக்குள் போய்விட்டார்.

அம்மா மாட்டுத் தொழுவத்தில் தேடி ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டாள். மணியக்காரர் கண்ணில் படாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். அவள் பண்ணையாள், பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டுவதே குற்றம். ஊர்க்காவலர் அப்பாவை நடத்திக்கொண்டு எல்லைக்கு வந்தபோது அவள் ஒரு வேலி மறைவிலிருந்து வெளியே வந்து, தன் இடுப்பையும் அப்பாவின் இடுப்பையும் சேர்த்துக் கட்டினாள்.

"என்னடி பண்ற, பைத்தியமா ஒனக்கு?" என்றார் அப்பா.

"பேசாம நட."

ஊர்க்காவலர் பார்த்தும் பார்க்காதது போல் நின்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊர்க்காவலர் வந்து பொறுப்பேற்க வேண்டும். யாரும் வந்திருக்கவில்லை. "வருவாங்க, நீங்க நடங்க," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். சாலை அங்கே காட்டுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் தலைக்குமேல் கோர்த்துக்கொண்டு நிற்கும். ஈர இலைகளில் இவர்கள் காலடி விழும் ஓசைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, வேறு காலடிகளும் விழுந்தன. இவர்கள் நின்றால் அவையும் நின்றன.

சாலை வளைகிற ஓர் இடத்தில் அந்த ஓசை நெருங்கி வந்தது. ரனுல்ப் ஒரு பக்கம், ஹாமோ மறுபக்கம். இருவர் கையிலும் மரம் கழிக்கும் கத்தி.

"தங்கச்சி, கயித்த அவுத்துரு," என்றான் ரனுல்ப். "ஒன் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல."

அம்மா இரண்டு கைகளாலும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிலுவை இருவர் நெஞ்சுக்கும் நடுவில் அழுந்தியது.

"வெட்டு," என்றாள். "எங்கையில வச்சே வெட்டு. நீதிபதி முன்னால போயி ஒன் பேரச் சொல்லுவேன். ரனுல்ப் கிரேக், ஹாமோ கிரேக். ரெண்டு பேரச் சொல்ல எனக்கு நாக்கு இருக்கு."

"நாக்க மொதல்ல எடுத்துட்டா?" என்றான் ஹாமோ. அம்மா அவன் குரலைச் சரியாகக் கேட்டது அதுவே முதல் தடவை. குழந்தைக் குரல் மாதிரி மெல்லியதாக இருந்ததாம்.

"எடு. நான் எந்தக் கொலையும் பண்ணல. சாலைய விட்டு ஓடினேன்னு என்னைய எப்படிச் சொல்லுவ? பொம்பளையக் கொன்னதுக்கு எந்த ஊர் ஒனக்காகச் சத்தியம் பண்ணும்?"

ஹாமோ அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தான். கயிறு இறுகி மூவரும் தடுமாறினார்கள். அப்பாவின் ஒரு கால் சாலை விளிம்புவரை போனது. அம்மா ஹாமோவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன் என்று சொல்வாள். அவன் அலறவில்லை. கையை இழுத்துக்கொண்டு ரத்தத்தைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

ரனுல்ப் தம்பியின் கத்தியைக் கீழே அழுத்தினான். "விடுறா. நல்ல பொண்ணா இருக்கா." அம்மாவிடம் திரும்பிச் சிரித்தான். "எத்தன நாளு கட்டிப் புடிப்ப தங்கச்சி? நாங்களும் டோவருக்குத்தான் போறோம்."

அதற்குப் பிறகு அவர்கள் ஒளிந்து வரவில்லை. பின்னாலேயே, பேசிக்கொண்டு, சாதாரண வழிப்போக்கர்களைப் போல வந்தார்கள். அம்மாவும் அப்பாவும் கோயில் முகப்புகளில் படுத்தபோது எதிரில் அவர்களும் படுத்தார்கள். தர்ம ரொட்டி கிடைத்த இடங்களில் அவர்களும் வரிசையில் நின்றார்கள். அப்பாவின் பாதம் வெடித்து ரத்தம் கசிந்தபோது ரனுல்ப் வருத்தமாக நாக்கைச் சப்புக்கொட்டினான். அம்மா தூங்கவே இல்லை. தூங்கினால் கயிற்றை அறுத்துவிடுவார்கள் என்று விரல்களை முடிச்சிலேயே வைத்திருந்தாள்.

டோவரில் அப்பா தினமும் முழங்கால் அளவு கடலில் இறங்கி நின்று, கடந்து போக வழி தாருங்கள் என்று கூவ வேண்டும். கப்பல் கிடைக்கும்வரை அதுதான் விதி. கடைசியில் வூட்டர் என்ற, அக்கரை ஃபிளாண்டர்ஸ் நாட்டு மாலுமி ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அம்மாவும் கூடவே பலகையில் கால் வைத்தாள். துறை அதிகாரி கோலால் மறித்தார்.

"நீ யாரு?"

"இவரு பொண்டாட்டிங்க."

"அது தெரியுது. யாரோட ஆளு?"

அவள் பிரபுவின் பெயரைச் சொன்னாள்.

"பண்ணையாளா? அனுமதி இல்லாம நீ கடல் தாண்ட முடியாதும்மா. அவன் குத்தவாளி, அவன் போயே ஆகணும். நீ ஒரு குத்தமும் பண்ணல, நீ இருந்தே ஆகணும்."

துறை அதிகாரியின் ஆட்களே கயிற்றை அறுத்தார்கள். கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் அம்மா பார்த்தாள். பின்பக்கம், கம்பளி மூட்டைகளுக்கு நடுவில், ரனுல்ப் உட்கார்ந்திருந்தான். அவன் சுதந்திரக் குடியானவன். எங்கே வேண்டுமானாலும் போகலாம். அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

அவள் மார்பளவு தண்ணீருக்குள் ஓடிக் கத்தினாள். அலைச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனார். துறை அதிகாரியின் காலைப் பிடித்தாள். "அந்தாளு இவரக் கொன்னுருவான்யா, கப்பலத் திருப்பச் சொல்லுங்க!"

"தண்ணிமேல நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல," என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை என்பாள் அம்மா. அவளுக்கு உலர்ந்த துணி ஒன்று கொடுத்தாராம்.

கப்பல் திரும்பி வரும்வரை அவள் கரையிலேயே கிடந்தாள். ஹாமோவும் இருந்தான். கடிபட்ட கையில் துணி சுற்றிக்கொண்டு, கொஞ்ச தூரத்தில் கூழாங்கற்களின்மேல் உட்கார்ந்து, அவளைப் போலவே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரனுல்ப் திரும்பி வந்தால் அப்பா செத்துவிட்டார் என்று பொருள்.

கப்பல் வந்தது. வூட்டர் மட்டும் இறங்கி வந்தார்.

"ஒம்புருஷன் அக்கரையில விசாந்துத் துறையில எறங்கிட்டான்," என்றார். "என் மச்சான் கடலத் தடுக்கக் கரைகட்டுற வேல பாக்குறான், அவங்கிட்ட அனுப்பி வச்சிருக்கேன். இன்னொருத்தன் பாதி வழியில கத்திய எடுத்தான். ஒம்புருஷன் வெளிம்புல குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தான். கப்பல் சாஞ்சுது, குத்த வந்தவன் வழுக்கி வெளிய போயிட்டான். ஒம்புருஷன் அவனப் புடிச்சுத்தான் பாத்தாம்மா. சட்டைக் கை கிழிஞ்சு தனியா வந்துச்சு."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்போது கூழாங்கற்கள் நறநறத்தன. ஹாமோ பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

அவன் நேராகத் துறை அதிகாரியிடம் போனான். "ஐயா, இந்தப் பொம்பள எங்க ஊரு. பண்ணைய விட்டு ஓடி வந்தவ. தனியா எப்படி அனுப்புறது? நானே பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

"நல்லதாப் போச்சு," என்றார் அதிகாரி.

"ஐயோ, இவன்கூட அனுப்பாதீங்க! இவன் என்னையக் கொன்னுருவான்."

"எதுக்கும்மா கொல்லப் போறான்? அடக்கமான பையனா இருக்கான்."

ஹாமோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்மா சுற்றிலும் பார்த்தாள். கடைசியில், வழிப்பயணத்துக்கு முன் கோயிலில் ஒரு செபம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அதை யாரும் மறுக்க முடியாது. ஹாமோ வாசல்வரை வந்து நின்றான்.

உள்ளே சாமியார் மெழுகுத்திரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் காலில் விழுந்தாள். "அடைக்கலம் குடுங்க சாமி."

"என்ன குத்தம் பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப அடைக்கலம் எதுக்கு? குத்தம் பண்ணினவனுக்குத்தான் அது. ஒண்ணும் பண்ணாதவளுக்குச் சட்டமே காவல். தைரியமா வீட்டுக்குப் போ."

அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் ஹாமோவின் உருவம் கருப்பாக, அசையாமல் நின்றது. அவள் எழுந்து போய் அப்பா செய்தது போலவே பீடத்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கொலை பண்ணினேன்," என்றாள். "ஓடோ கிரேக்க எம்புருஷன் மட்டும் அடிக்கல. நானும் அடிச்சேன். செத்தது என் அடியிலதான்."

டோவர் விசாரணை அதிகாரி கூப்பிடு தூரத்திலேயே இருந்தார். அவரும் ஊராரும் வந்து கூடினார்கள். அவள் சொன்னதைக் கேட்டதும் வாசலிலிருந்து ஹாமோ பாய்ந்து வந்தான். "பொய்ங்க! இவ வயலுக்கே வரல. இவ குத்தவாளி இல்ல, ஒண்ணுமே பண்ணல!"

அதிகாரி அவனை வேடிக்கையாகப் பார்த்தார். "நீ யாரு?"

"செத்தவனோட தம்பிங்க."

"நான் இந்த வேலைக்கு வந்து தல நரைச்சுப் போச்சு. செத்தவனோட தம்பி, கொன்னவளக் குத்தவாளி இல்லன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "குத்தவாளி இல்லாத பொம்பளைய வச்சு நீ என்ன பண்ணப் போற தம்பி?"

ஹாமோ கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். சிரிப்பு அடங்கியது. அங்கிருந்தவர்கள் அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். துறை அதிகாரி கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி சுவிசேஷத்தைக் கொண்டுவரச் சொன்னார். பின்பு குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுக்கம்மா. இதுமேல கைவச்சுப் பொய் சொன்னா, எந்த அரசராலயும் ஒன்னக் காப்பாத்த முடியாது. நான் எழுதிக்கிட்டுப் போயிருவேன். நீதான் எரியணும்."

அம்மா கையை வைத்தாள். தோல் அட்டை குளிர்ந்திருந்தது என்றும், தன் விரல்கள் கருகவில்லையே என்று ஆச்சரியப்பட்டதாகவும் சொன்னாள். ஓடோ கிரேக்கைக் கொன்றேன் என்று முழுதாகச் சொல்லி முடித்தாள். கோணித்துணி உடுத்தி, சிலுவையோடு வூட்டரின் கப்பலில் ஏறினாள். ஹாமோவும் ஏற வந்தபோது வூட்டர் பலகையை இழுத்துக்கொண்டார். "ஒங்க குடும்பத்துல ஒருத்தன ஏத்தினது போதும்ப்பா."

அப்பாவை அவள் கரைகட்டும் இடத்தில், சேற்றில் இடுப்பளவு நின்றபடி கண்டாள். அவர் முதலில் அவளை ஆவி என்று நினைத்துப் பின்வாங்கினாராம்.

அடுத்த வசந்தத்தில் ஹாமோ விசாந்தில் இறங்கியதாக வூட்டர் ஆள் அனுப்பினார். அவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் உள்ளே தள்ளி, கரைகட்டும் வேலை நடக்கிற ஊர் ஒன்றுக்குப் போனார்கள். ஆங்கிலம் பேசுகிறவன் ஒருவன் சந்தையில் விசாரித்தான் என்றால், அங்கிருந்து இன்னொன்றுக்கு. நான் பிறந்தது மூன்றாவது ஊரில். வீட்டில் அவர்கள் பேசிய மொழியை வெளியே பேசினால் எனக்கு அடி விழும். அம்மா ஒவ்வொரு பாஸ்கா திருநாளுக்கும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கோபப்பட்டதை, சோம்பியதை, பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியதை எல்லாம் சொல்வாள். அந்தப் பொய்ச் சத்தியத்தை மட்டும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் நற்கருணை அப்பம் வாங்குவது பாவத்தின்மேல் பாவம் என்று அவளுக்குத் தெரியும். நாக்கில் அப்பத்தோடு திரும்பி வரும்போது அவள் முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

நான் வளர்ந்து நின்ற ஒரு குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலுக்குச் சாமியார் வந்தார். அவரோடு தனியாக இருந்தபோது என்ன சொன்னாளோ, கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டபோது அவர் நெற்றி வேர்த்திருந்தது. எங்களைக் கூப்பிடச் சொன்னது அவள்தான்.

"ஒங்க அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க," என்றார். "மனசார வருத்தப்படாம மன்னிப்பு கிடையாது. ஒரு வார்த்த சொன்னாப் போதும். வருத்தப்படுறேன்னு ஒரு வார்த்த."

"அம்மா, சொல்லும்மா," என்று நான் அழுதேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "வருத்தமா இல்லையே சாமி," என்றாள். "அந்தப் பீடத்துக்கிட்ட மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் சொல்லுவேன். சாகும்போது ஒங்ககிட்ட இன்னொரு பொய் சொல்லவா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். சாயங்காலத்துக்குள் அவள் போய்விட்டாள். பயந்துகொண்டே போனாள். கடைசிவரை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்றார்கள். சுவருக்கு வெளியே, கடல்நீர் ஊறும் கரைச்சரிவில் குழி வெட்டினோம். மணி அடிக்கவில்லை. சாமியார் வரவில்லை. வேடிக்கை பார்க்கச் சந்தைக் கூட்டம் கொஞ்சம் வந்து நின்றது. மண் தள்ளும் முன் அப்பா குழியின் விளிம்பில் மண்டியிட்டு, இருபது வருடமாக நாங்கள் உச்சரிக்காத பெயரைச் சொல்லி உரக்க, தன் சொந்த மொழியில் அழைத்தார்.

"ஹாவிஸ்! ஹேசல்ஹர்ஸ்ட் ஹாவிஸ்! தர்ஸ்டன் பொண்டாட்டி!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஆங்கிலேயக் கம்பளி வியாபாரிகள் இருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருவன் மற்றவன் காதில் ஏதோ சொன்னான். பிறகு இருவரும் அப்பாவை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள்.

நான் அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினேன். மறுநாள் விடிந்ததும் இன்னோர் ஊருக்கு வண்டி கட்டினோம்.